மொழி தெரியாது, சம்பளமும் கிடையாது... கல்கத்தாவில் வந்திறங்கிய ஐரிஷ் டீச்சர்!

1898 ஜனவரி 28. கல்கத்தா துறைமுகத்துக்கு மொம்பாசா என்ற கப்பல் வந்து சேர்கிறது. அதிலிருந்து இறங்குகிறார், 30 வயது மார்கரெட் எலிசபெத் நோபிள். பள்ளிக்கூட டீச்சர். அவரை அழைத்துப்போகக் கரையில் நின்றவர் சுவாமி விவேகானந்தர்.

இன்னிக்கு நீங்க வெளிநாட்டில் இறங்கினால் முதல் வேலையா வீட்டுக்கு ஒரு வீடியோ கால் போடுவீங்க. மார்கரெட் அம்மாவுக்கு எழுதும் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். வங்காளம் தெரியாது. வேலைக்கான ஆர்டரும் கையில் இல்லை. பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரணும் என்ற எண்ணம் மட்டும்தான். பள்ளிக்கூடமே இனிமேதான் தொடங்கணும்!

ஊரில் வழியில்லாமல் வந்தவர் இல்லை அவர். அயர்லாந்தின் டங்கனன் ஊரில் 1867-ல் பிறந்தவர். பத்து வயதில் பாதிரியாரான அப்பாவை இழந்து, 17 வயதிலேயே டீச்சர் வேலைக்குப் போனவர். பிறகு லண்டன் பக்கம் விம்பிள்டனில் ரஸ்கின் ஸ்கூல் என்று சொந்தமாகப் பள்ளி நடத்தினார். மனப்பாடம் வேண்டாம், விளையாட்டும் கைவேலையுமா கற்றுக்கொள்ளட்டும் என்ற புது முறைக் கல்வியில் அவருக்கு நல்ல பெயர்.

1895-ல் லண்டனில் விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். உடனே சரண்டர் எல்லாம் ஆகிடலை, நிறையக் கேள்வி கேட்டார், சண்டையும் போட்டார். இந்தியா வர ஆசைப்பட்டபோது விவேகானந்தரும் சர்க்கரை தடவிப் பேசவில்லை. வெயில், வறுமை, தீண்டாமை எல்லாவற்றையும் சொல்லி, வெள்ளைக்காரர்கள் உன்னைப் பைத்தியம் என்பார்கள், உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்கிற ரீதியில் 1897 ஜூலையில் கடிதமே எழுதிவிட்டார். அதைப் படித்த பிறகும் டிக்கெட் எடுத்தாரே, எனக்கு அதுதான் பெரிய ஆச்சர்யம்.

உண்மையான சிக்கல் கரை இறங்கிய பிறகுதான். அன்றைய ஆசாரமான வங்காளி வீட்டில் வெள்ளைக்காரப் பெண் தொட்ட தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் குழந்தைகளுக்கு இவர் எப்படி டீச்சர் ஆவது? அதே ஆண்டு மார்ச் 17-ம் தேதி சாரதா தேவியைப் பார்க்கப் போனார். ராமகிருஷ்ணரின் மனைவி, கணவரை இழந்தவர், ஆசாரமான சூழலில் வாழ்ந்தவர். அவர் மார்கரெட்டோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பாக்பஜார் தெருக்களின் கதவுகள் திறக்க, அந்த ஒரு வேளைச் சாப்பாடு எவ்வளவு உதவியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

ஒரு வாரம் கழித்து விவேகானந்தர் தீட்சை கொடுத்து வைத்த பெயர்தான் நிவேதிதா. ஆமாம், நமக்குத் தெரிந்த அதே சகோதரி நிவேதிதை!

நவம்பரில் போஸ்பாரா லேனில், சாரதா தேவி வந்து பள்ளியைத் தொடங்கி வைத்தார். வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசித்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்ந்தவர்களும் கல்யாணம் என்று பாதியில் நின்றுவிடுவார்கள். காசும் எப்போதும் பற்றாக்குறைதான். நிதி திரட்ட வெளிநாடு போனார், புத்தகம் எழுதினார், வந்த பணத்தைப் பள்ளியில் போட்டார். 1899-ல் பிளேக் வந்தபோது, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைச் சுத்தம் செய்ய இறங்கிவிட்டார் இந்த டீச்சர். 1903-ல் திருமணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் வகுப்புகள் தொடங்கின.

இன்னொரு விஷயம். கப்பலை விட்டு இறங்கியபோது அவர் பிரிட்டிஷ் கொடிமேல் விசுவாசமாகத்தான் இருந்தார். பிறகு ஆட்சியை நேரில் பார்க்கப் பார்க்க மனசு மாறி, சுதேசி இயக்கத்தின் பக்கம் போனார். அந்த நிவேதிதையைத்தான் நம்ம பாரதியார் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வி பாரதியைப் புரட்டிப்போட்டது. 1908-ல் வந்த ஸ்வதேச கீதங்களைக் குருவாக எண்ணி அவருக்கே சமர்ப்பித்தார்.

1911 அக்டோபர் 13-ம் தேதி டார்ஜிலிங்கில் இறந்தபோது நிவேதிதாவுக்கு 44 வயதுகூட முடியவில்லை. பாக்பஜாரில் அவர் பெயரில் அந்தப் பெண்கள் பள்ளி இன்னமும் நடக்கிறது.