செஞ்சிக் குதிரைவீரன் தேசிங்குராஜன்

வாவியும் தோணியுமே வாழ்வாகிய மட்டக்களப்பு மக்களாகிய நமக்குக் குதிரைச்சவாரி அயலானது. ஆயினும் தேசிங்குராஜன் கதையைப் பாட்டனார் வாய்க்கேட்டு வளர்ந்தோர் நம்மிற் பலர்.

தேஜ்சிங் என்பது அவரது இயற்பெயர். செஞ்சியை ஆண்ட தந்தை சொரூபசிங் 1714இல் இறக்கவே, வடக்கே பந்தேல்கண்டிலிருந்து புறப்பட்டு, 900 மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்துவந்து கோட்டையைக் கைக்கொண்டார். டில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரையை அவர் அடக்கினார் என்பது நாட்டுப்பாடலின் கூற்று; அதனை வரலாறெனக் கொள்ள நாம் துணியோம்.

கப்பப் பாக்கி கேட்டு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெரும்படையுடன் வந்தபோது தேசிங்குக்கு வயது 22தான். பணிந்திருந்தால் பிழைத்திருப்பார். அவரோ சிங்கவரத்து அரங்கநாதரை வணங்கி, வெள்ளம் புரண்ட ஆற்றிலே குதிரையை இறக்கினார். மாரியில் வாவி பெருகுங்கால் துறையில் தயங்கி நின்ற நமக்கு அத்துணிவு நன்கு விளங்கும். பின்தொடர்ந்து கரையேறிய வீரர் மிகச் சிலரே.

உயிர்த்தோழர் மகமத்கான் ஒரு முஸ்லிம். மணக்கோலத்தைக் களைந்து நண்பனுக்காகக் களம்புகுந்தார் என்பர். அவரும் மாண்டார். 1714 ஒக்டோபர் 3ஆம் நாள் தேசிங்கும் வீழ்ந்தார். உடன்கட்டை ஏறிய அவர் தேவியின் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர்பெற்றதென்பர்.

செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் மகமத்கானுக்கும் அந்தக் குதிரைக்கும் சமாதிகள் உள்ளன.