எந்த என்ஜின் வேணும்? ஜி.டி. நாயுடுவைக் கேளுங்க!

இன்னிக்கு ஒரு புதிரோடு ஆரம்பிக்கலாமா?

நீங்க ராஜபாளையத்தில் இருக்கீங்க. கோடை விடுமுறை. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வீட்டுக் கொட்டகையில் ஒரு குட்டிக் கார் செய்கிறார்கள். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் தயார். நான்கு சக்கரம், இரண்டு சீட், ஒரு ஸ்டியரிங்கும் மாட்டியாச்சு. இந்தக் காரில் இரண்டு பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய், ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்து, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். போக பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், வர பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவ்வளவுதான்.

ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. என்ஜின்! எதை மாட்டுவது? மொபெட் என்ஜினா? மோட்டார் சைக்கிள் என்ஜினா? தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் என்ஜினா? ஆட்டோ என்ஜினா? பழைய மாருதி கார் என்ஜினா?

அவசரப்பட்டுப் பதில் சொல்லிடாதீங்க! முதலில், இதே மாதிரிக் கேள்விகளோடு வாழ்நாள் முழுக்க விளையாடிய ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஓட்டலில் வேலை பார்த்து வாங்கிய வண்டி

அவர்தான் ஜி.டி. நாயுடு. முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. படிப்பு பாதியிலேயே நின்றது. தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கிராமத்துப் பாதையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி தானாகவே ஓடுகிறதே! இளைஞர் துரைசாமிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதற்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தார்.

அதற்கு வண்டி சொந்தமாக வேண்டும். வண்டி வாங்கப் பணம் வேண்டும். கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார். சில வருடங்கள் கழித்து, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். விலை ரூ.300 என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை!

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றக் கிளம்பவில்லை. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். முழு வண்டியும் தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. பிறகு மறுபடியும் மாட்டினார். வண்டி ஓடியது!

பெட்டிக்குள்ளே என்ன நடக்குது?

அவர் உள்ளே பார்த்தது என்னவாக இருக்கும்? நாமும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

என்ஜினுக்குள் சிலிண்டர் என்ற இரும்புக் குழல் இருக்கும். அதற்குள் மேலும் கீழும் போய்வரும் கட்டை பிஸ்டன். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் அதை அழுத்தும். ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டும். டப்! கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளும். கடைசியில் புகை வெளியே போகும். மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பம். பிஸ்டன் மேலும் கீழும் போவதை ஒரு வளைந்த தண்டு சுழற்சியாக மாற்றும். அந்தச் சுழற்சிதான் சங்கிலி வழியாகவோ பற்சக்கரம் வழியாகவோ சக்கரத்துக்குப் போகிறது.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. எரியும்போது வரும் வெப்பம் எல்லாம் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி சூடாகவே வீணாகும். அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் என்ஜின் இறுகி நின்றுவிடும். மோட்டார் சைக்கிளில் எதிர்க்காற்றே சூட்டைக் கொண்டுபோய்விடும். கார்களில் தண்ணீரும் ரேடியேட்டரும் அந்த வேலையைச் செய்யும். இதை மறக்காதீங்க. கடைசியில் புதிருக்குத் தேவைப்படும்!

ஒரு பஸ், பிறகு பல பஸ்

என்ஜின் புரிந்துவிட்டது. அடுத்து என்ன? 1920-ல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓடிய அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

ஒரு பஸ் மெல்ல மெல்ல ஒரு பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. அதன் பெயர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சுருக்கமாக யு.எம்.எஸ். பஸ் நடுவழியில் நின்றால் பயணிகள் திண்டாடுவார்கள். ஆகவே பழுது பார்க்கும் பட்டறையும் அவருக்குத் தேவைப்பட்டது. மோட்டார் சைக்கிளைக் கழற்றிய அதே கைகளுக்கு இப்போது வேலைக்குப் பஞ்சமே இல்லை.

வேலைக்கு ஏத்த மோட்டார்

அப்போது நம் நாட்டில் மின்சார மோட்டார்கள் வெளிநாடுகளில் இருந்துதான் வந்தன. கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் மில்லில் எந்திரம் ஓட்டவும் மோட்டார் வேண்டுமே! டி. பாலசுந்தரம் நாயுடு என்ற தொழில் வல்லுநரோடு சேர்ந்து, 1937-ல் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டாரைக் கோவை பீளமேட்டில் உருவாக்கினார். இன்றைக்கும் மோட்டார், பம்ப்செட் என்றாலே கோவைதான் நினைவுக்கு வருகிறது, இல்லையா?

பெரிய மோட்டாரோடு அவர் நிற்கவில்லை. டார்ச் லைட் செல் போன்ற உலர் மின்கலத்தில் ஓடும் குட்டி மோட்டாரை வைத்து முகச்சவரக் கருவி செய்தார். அதற்கு ரேஸன்ட் என்று பெயர். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை வெறும் ரூ.70 விலையில் தர முடியும் என்று காட்டினார்.

கவனிச்சீங்களா? கிணற்றுக்கு ஒரு மோட்டார், கன்னத்துக்கு ஒரு மோட்டார்! பெரியதுதான் நல்லது என்று அவர் நினைக்கவில்லை. வேலை எவ்வளவோ, மோட்டார் அவ்வளவு. விலையும் சாதாரண மக்கள் வாங்கும் அளவு. இதுதான் அவர் வழி.

ஓடாமல் போன கார்

1952-ல் அவர் செய்து காட்டியது என்ன தெரியுமா? கார்! இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார். விலை ரூ.2,000 மட்டுமே. கார் என்றால் பணக்காரர்களின் பொருள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் அந்த நாளில், பெரிய தொழிற்சாலை தொடங்கினால் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அதற்கான சட்டம் 1951-ல் வந்திருந்தது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றுபோனது. கார் தயார், செய்தவரும் தயார். ஆனால் கடைக்கு வரவே இல்லை.

இதே நேரத்தில் உலகத்தில் என்ன நடந்தது? இரண்டாம் உலகப்போர் முடிந்த ஐரோப்பாவில் மக்களிடம் பணம் இல்லை. சின்னக் கார்களுக்கு ஏக கிராக்கி. இத்தாலியில் 1953-ல் இசெட்டா என்ற முட்டை வடிவக் கார் வந்தது. அதற்குக் கதவு முன்பக்கம், குளிர்சாதனப் பெட்டி மாதிரி! 1955-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி அதை வாங்கி, தன் மோட்டார் சைக்கிள் என்ஜினையே அதில் மாட்டியது. 247 சி.சி., ஒரே சிலிண்டர்.

அதே 1955-ல் மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 என்ற மூன்று சக்கர வண்டி வந்தது. 191 சி.சி. என்ஜின். பின்னால் போவதற்கு அதில் தனி கியர் கிடையாது. என்ஜினை நிறுத்திவிட்டு, எதிர்த்திசையில் சுழலும்படி மறுபடியும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது நான்கு கியரிலும் பின்னாலேயே போகலாம். வேடிக்கையாக இல்லை?

நாயுடுவின் கார் 1952 என்பதை மறுபடி நினைச்சுப் பாருங்க. இசெட்டாவுக்கு ஒரு வருடம் முன்பு! நம் ஊரில் நடுத்தரக் குடும்பங்களின் காராக மாருதி 800 வந்தது 1983-ல்தான். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று பேசப்பட்ட நானோ 2009-ல் வந்தது.

அடுத்தவங்க கையில் ஸ்பேனர்

கார் நின்றுபோனதும் அவர் முடங்கிவிட்டாரா? இல்லவே இல்லை. தான் பள்ளிக்கூடத்தில் கற்காததை மற்றவர்கள் கற்க வேண்டும் என்று முன்பே வழி செய்திருந்தார். 1945-ல் கோவையில் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையங்கள் உருவாக அவர் காரணமாக இருந்தார். அதில் ஒன்றுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பட்டம் வாங்காத ஒருவர், பட்டம் கொடுக்கும் கல்லூரிக்கு வித்திட்டிருக்கிறார்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில் 2025-ல் திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். இரண்டு பேர் போகும் சின்னக் காரைக் கனவு கண்டவரின் பெயரில், ஆயிரக்கணக்கான கார்கள் ஓடும் பாலம்!

புதிருக்குப் பதில்

சரி, ராஜபாளையம் கொட்டகைக்குத் திரும்புவோம். நாயுடு மாதிரி யோசிப்போம். என்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டி 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் 120 கிலோ. மொத்தம் 370 கிலோ. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் மலை ஏற வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் மே மாத வெயில் உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசல் உண்டு. தேரோட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். நின்று நின்றுதான் போக வேண்டும்.

மொபெட் என்ஜின்: லேசானது, மலிவானது. ஆனால் அது ஒரு மொபெட்டை இழுக்கப் பிறந்தது. 370 கிலோவை இழுத்தால் மூச்சு வாங்கிவிடும்.

டீசல் பம்ப்செட் என்ஜின்: உழைப்பாளி. ஆனால் ஒரே வேகத்தில் ஓடிப் பழகியது. கனமும் அதிகம். கியரும் கிடையாது.

மோட்டார் சைக்கிள் என்ஜின்: பலம் போதும். கியரும் அதோடு சேர்ந்தே வரும். ஆனால் சீட்டுக்குப் பின்னால் மாட்டினால் எதிர்க்காற்று படாது. சூடு ஏறும். ரிவர்ஸ் கியரும் இல்லை. இன்னொன்று: வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல உதவும் பற்சக்கரப் பெட்டிக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். இரு சக்கர வண்டிக்கு அது தேவையில்லை. அதனால் அதில் இருக்காது.

மாருதி 800 என்ஜின்: மூன்று சிலிண்டர், 796 சி.சி. ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் உண்டு. பலம் தேவைக்கு மேலே. ஆனால் ரேடியேட்டர் வேண்டும், தண்ணீர்க் குழாய் வேண்டும், தாங்கும் சட்டமும் கனமாக வேண்டும். குட்டிக் கார் குண்டுக் காராகிவிடும்!

ஆட்டோ என்ஜின்: சின்னது. பின்னால் மாட்டவே செய்தது. காற்று வீச அதற்கே விசிறி இருக்கும். ரிவர்ஸ் உண்டு. டிஃபரன்ஷியல் உண்டு. மூன்று பயணிகளையும் டிரைவரையும் வெயிலில் நின்று நின்று இழுத்துப் பழகியது. உதிரி பாகம் ராஜபாளையத்திலும் கிடைக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடைக்கும். வேகம் குறைவுதான். பால்கோவா வாங்கப் போக எதற்கு வேகம்?

ஆக, நம்ம ஓட்டு ஆட்டோ என்ஜினுக்கு! நீங்கள் வேறு பதில் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. பாரம், சூடு, கியர், விலை, உதிரி பாகம் என்று காரணம் சொல்ல முடிந்தால் அதுவும் நல்ல பதில்தான்.

ஒரு விஷயம்! வீட்டில் செய்த வண்டியை முறையான அனுமதியும் பதிவும் இல்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. நீங்கள் ஓட்ட 18 வயதும் லைசென்ஸும் வேண்டும். அதுவரை என்ன செய்வது? வீட்டில் ஓடாத கடிகாரமோ பழைய சைக்கிளோ இருந்தால், அப்பா அம்மாவிடம் கேட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பாருங்க. எது எங்கே இருந்தது என்று நோட்டில் படம் வரைந்து வையுங்க. பிறகு மறுபடி மாட்டுங்க. கடைசியில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தால் பயப்படாதீங்க. மறுபடியும் கழற்றுங்க!