மொடெஸ்ட் முசோர்க்ஸ்கி

மொடெஸ்ட் பெத்ரோவிச் முசோர்க்ஸ்கி (மார்ச் 21, 1839 – மார்ச் 28, 1881) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ரஷ்ய இசையமைப்பாளர் ஆவார். போரிஸ் கொதுனோவ் எனும் ஓப்பரா, ஓவியக் கண்காட்சியில் காட்சிகள் எனும் பியானோ இசைத்தொகுதி, மொட்டை மலையில் ஓர் இரவு எனும் இசைக்குழுவுக்கான ஆக்கம் ஆகியன இவரது முக்கிய படைப்புகளாகும். இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது, பெயர் அறியாதோரின் நினைவிலும் தங்கிவிட்ட அச்சமூட்டும் மேற்கத்திய செந்நெறி இசை ஆக்கங்களுள் ஒன்று. எனினும் பெரும்பாலும் இசைக்கப்படுவது இவர் எழுதிய வடிவம் அன்று. இவரது இறப்பின் பின் நண்பர் ஒருவர் திருத்தியமைத்த வடிவமே ஆகும்.

வாழ்க்கை

முசோர்க்ஸ்கி ரஷ்யாவின் பிஸ்கோவ் மாகாணத்தில் கரேவோ எனும் ஊரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆறு வயதில் தாயாரிடம் பியானோ பயிலத் தொடங்கினார். பத்து வயதில் சென் பீட்டர்ஸ்பேர்க் நகருக்குக் கல்வி கற்கச் சென்றார். குடும்ப மரபின்படி 1852இல் படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1856இல் பிரியோபிரசென்ஸ்கி படைப்பிரிவில் அதிகாரியானார். இசைக்கே தம்மை ஒப்படைக்க விரும்பி 1858இல் படைப்பணியைத் துறந்தார்.

இவர் இசைக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். மீலி பாலக்கிரெவ் இவருக்கு இசை கற்பித்தார். பாலக்கிரெவ், போரொடின், குயி, ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் ஆகியோருடன் இவரும் சேர்ந்த குழு ஐவர் குழு எனப் பெயர்பெற்றது. ரஷ்ய நாட்டுப்புற இசையையும் வரலாற்றையும் அடிப்படையாகக் கொண்டு தனித்த இசைமரபை உருவாக்குவது இவர்களின் நோக்கமாக இருந்தது.

1861இல் ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டபின் குடும்ப வருமானம் குறைந்தது. எனவே 1863 முதல் அரசு அலுவலகங்களில் எழுத்தர் நிலைப் பணிகளைச் செய்து வாழ்ந்தார். 1865இல் தாயார் இறந்தார். அக்காலம் முதல் மதுப்பழக்கம் இவரது உடல்நலத்தைக் கெடுத்தது.

மொட்டை மலையில் ஓர் இரவு

புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவில் சூனியக்காரிகள் மலையுச்சியில் கூடிச் சாத்தானை வணங்குவர் என்பது நாட்டார் நம்பிக்கை. அதனைக் கருவாகக் கொண்ட இவ்வாக்கத்தை முசோர்க்ஸ்கி 1867 சூன் மாதத்தில், அதே திருநாளின் முந்தைய இரவில் எழுதி முடித்தார். பாலக்கிரெவ் இதனைக் குறைகூறி, இசைக்க மறுத்தார். முசோர்க்ஸ்கியோ திருத்த உடன்படவில்லை. பின்னாளில் இதன் பகுதிகளைத் தமது வேறு இரு மேடைப் படைப்புகளில் பயன்படுத்த முயன்றார், அவையும் முற்றுப்பெறவில்லை. இவ்வாறு, இவ்வாக்கம் இசைக்குழுவால் இசைக்கப்படுவதை இவர் தம் வாழ்நாளில் கேட்கவே இல்லை.

இவருடன் 1871–72இல் ஒரே அறையில் தங்கியிருந்த ரிம்ஸ்கி-கோர்சக்கோவ், 1886இல் இதற்குப் புதிய வடிவம் தந்து, தாமே இசைக்குழுவை நடத்தி அரங்கேற்றினார். 1940இல் வெளியான வால்ட் டிஸ்னியின் பேண்டசியா திரைப்படத்தில், இவ்வடிவத்தை ஒட்டி லியோபோல்ட் ஸ்டொக்கோவ்ஸ்கி அமைத்த இசை இடம்பெற்றது. அதன்பின் இவ்விசை உலகெங்கும் பரவியது. முசோர்க்ஸ்கியின் மூல வடிவம் 1968இல்தான் அச்சில் வெளிவந்தது.

இனங்காணல்

அச்சமூட்டும் வேறு இரு ஆக்கங்களுடன் இது அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது. அவற்றை வேறுபடுத்தும் முறை பின்வருமாறு:

- மொட்டை மலையில் ஓர் இரவு: வயலின்கள் சுழல்காற்றுப் போல் விரைந்து தொடங்கும், அதனடியில் டிரம்போன் முதலிய கருவிகளின் கனத்த ஒலி எழும். ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் வடிவம் விடியற்கால மணியோசை, கிளாரினெட், புல்லாங்குழல் ஆகியவற்றுடன் அமைதியாக முடியும். 1867ஆம் ஆண்டு வடிவத்தில் மணியோசையும் விடியலும் இல்லை, ஆரவாரத்திலேயே முடியும்.
- சென்-சான்சின் மரண நடனம் (1874): ஹார்ப் பன்னிரண்டு முறை ஒலித்து நள்ளிரவைக் குறிக்கும். பின் தனி வயலினும், எலும்புகள் மோதுவதுபோல் சைலோபோனும் கேட்கும்.
- கிரெய்க்கின் மலையரசனின் மண்டபத்தில் (1875): ஒரே மெட்டு தாழ்ந்த ஒலியில் மெல்லத் தொடங்கி, வேகமும் ஒலியும் கூடிக்கொண்டே செல்லும்.

பிற படைப்புகள்

போரிஸ் கொதுனோவ் ஓப்பராவின் முதல் வடிவத்தை (1869) அரச அரங்குகள் நிராகரித்தன. முதன்மைப் பெண் பாத்திரம் இல்லாமை ஒரு காரணமாகும். திருத்திய வடிவம் 1874இல் மரீன்ஸ்கி அரங்கில் அரங்கேறியது. மறைந்த நண்பரும் ஓவியருமான விக்தர் ஹார்ட்மனின் கண்காட்சியைக் கண்டபின் அதே ஆண்டில் ஓவியக் கண்காட்சியில் காட்சிகளை எழுதினார். 1922இல் மொரிஸ் ரவெல் இதனை இசைக்குழுவுக்கு ஏற்றவாறு அமைத்தார்.

இறுதிக்காலம்

1880இல் அரசுப்பணியை இழந்தார். 1881 பெப்ரவரியில் வலிப்பு ஏற்பட்டு, சென் பீட்டர்ஸ்பேர்க்கில் உள்ள படைத்துறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கு ஓவியர் இலியா ரேப்பின் சில நாட்களில் தீட்டிய இவரது உருவப்படம் பெரும்புகழ் பெற்றது. அப்படம் முடிந்த சில நாட்களிலேயே தமது 42ஆவது வயதில் காலமானார். இவரது உடல் அந்நகரின் திக்வின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

மதிப்பீடு

முசோர்க்ஸ்கியின் முரட்டுத்தனமான இசையிணைப்புகளைப் பயிற்சிக் குறைபாடு எனக் கருதியே ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் திருத்தினார். அத்திருத்தங்களே இவரது இசை மறைந்துபோகாமல் காத்தன. 20ஆம் நூற்றாண்டில் மூல வடிவங்கள் வெளிவந்தபின், அம்முரட்டுத்தன்மையே இவரது தனித்துவம் எனும் கருத்து வலுப்பெற்றது. இன்று இரு வடிவங்களும் இசைக்கப்படுகின்றன.