தன் கலம் அறிந்த மாலுமி

நெடுந்தீவுக்குச் செல்லும் லோஞ்சிலே பயணஞ் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நடுக்கடலிலே எல்லாரும் அடங்கி இருப்பர். இறங்குதுறை கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லாரும் எழுந்துவிடுவர். ஒருவர் மூட்டையைத் தூக்குவார். ஒருவர் பிள்ளையை இழுப்பார். யாவரும் துறைப்பக்கத்துக்கே நெருங்குவர். லோஞ்சு சற்றே சரியும். சுக்கான் பிடிப்பவர் இருக்கும்படி கூவுவார். அவர் ஏன் கூவுகின்றார் என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. வங்கம், நாவாய், அம்பி, தோணி என்று நிகண்டிலே உள்ள பெயர்களை மாணவர்க்கு ஒப்புவிக்கத் தெரிந்த எனக்கு, என்னைச் சுமந்து செல்லும் கலம் எதனால் நிமிர்ந்து நிற்கின்றது, எதனாற் கவிழ்கின்றது என்பது தெரிந்திருக்கவில்லை. அதனை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆங்கில மாலுமியின் வாழ்க்கையிலிருந்து.

அவர் பெயர் சாள்ஸ் ஹேர்பேட் லைற்றோலர். டைற்றானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரி. அக்கப்பலிலிருந்து உயிர்தப்பிய அதிகாரிகளுள் பதவியால் மூத்தவர். உலகம் அவரை அந்த ஓர் இரவோடு நிறுத்தி வைத்திருக்கின்றது. நான் அதற்கு ஒருப்படேன். டைற்றானிக் அவருடைய கப்பலன்று. அவர் அதிலே சம்பளம் பெற்ற உத்தியோகத்தர். அவருக்கே உரிய கலம் ஒன்று பின்னாளில் இருந்தது. ஐம்பத்தெட்டு அடி நீளமான மோட்டர் உல்லாசப் படகு அது. மனிதரை அறிய வேண்டுமாயின் அந்தச் சிறு கலத்திலேதான் அவரைக் காணவேண்டும்.

1874 மார்ச் 30இல் இங்கிலாந்திலே லங்காஷயரைச் சேர்ந்த சோர்லி என்னும் ஊரிற் பிறந்தார். பிறந்த சின்னாளில் தாய் இறந்தார். தந்தையும் பின்னர் மகனை விட்டு நியூசிலாந்துக்குப் போய்விட்டார். பதின்மூன்று வயதிலே பாய்க்கப்பல் ஒன்றிற் பயிலுநராகச் சேர்ந்த பிள்ளைக்குக் கடலே வீடாயிற்று. 1889இல் அவர் சென்ற கப்பல் இந்து சமுத்திரத்திலுள்ள ஆளில்லாத ஒரு தீவிலே மோதி உடைந்தது. பிறிதொரு கப்பலில் ஏற்றிய நிலக்கரி நடுக்கடலிலே தீப்பற்றியது. மேற்காபிரிக்காவிலே மலேரியாக் காய்ச்சல் அவரைக் கொல்லப் பார்த்தது. 1898இல் கடலை வெறுத்துக் கனடாவுக்குப் பொன் தேடப் போனார், பொன் கிடைக்கவில்லை. மாடு மேய்த்தார். கடைசியில் மாடு ஏற்றும் கப்பலிலே கூலி செய்து ஊர் திரும்பினார். 1900இல் வைற் ஸ்ரார் கொம்பனியிற் சேர்ந்தார்.

டைற்றானிக்கின் கதையை நான் முழுவதும் சொல்லப் போவதில்லை. பின்னே வருவதற்கு வேண்டிய இரண்டு செய்திகளை மாத்திரம் சொல்லுகின்றேன்.

1912 ஏப்ரில் 14ஆந் திகதி இரவு இடதுபக்கத்துப் படகுகளை இறக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. பெண்டிரையும் பிள்ளைகளையும் ஏற்றும்படி பிறந்த கட்டளையை, ஆடவரை ஏற்றவே கூடாது என்பதாக அவர் பொருள்கொண்டார். மறுபக்கத்திலே நின்ற அதிகாரி, பெண்டிர் இல்லாதவிடத்து ஆடவரையும் ஏற்றினார். அன்றியும், அறுபத்தைந்து பேரைக் கொள்ளக்கூடிய படகுகள் பாதியளவு ஆட்களோடு கீழிறங்கின. தொங்கும் படகு முழுப்பாரத்தையும் தாங்குமோ முறியுமோ என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. அதே வகைப் படகுகளைக் கட்டியவர்கள் முழுப்பாரம் ஏற்றிப் பரிசோதித்திருந்தார்கள். அச்செய்தி அதிகாரிகளை எட்டியிருக்கவில்லை. எல்லாப் படகுகளிலும் சேர்ந்து 1178 பேருக்கு இடமிருந்தும், பிழைத்தவர்கள் எழுநூறு பேருக்குச் சிறிது மேற்பட்டவரே. அந்த வெற்றிடங்களுக்கு அவர் ஒருவரையே பொறுப்பாக்குதல் நீதியன்று. ஆயினும் அவருடைய பங்கு அதிலே இல்லை என்று மறைத்து எழுதவும் என் மனம் இடந்தரவில்லை. தம் கைக்கு வந்த கலத்தின் வலிமையை அவர் அன்று அறிந்திருக்கவில்லை.

மற்றச் செய்தி விடியற்காலத்துக்குரியது. கப்பலோடு நீரில் அமிழ்ந்தவர், காற்றுக்குழாயின் வாயிலே நீரோட்டத்தால் அழுத்துண்டு கிடந்தார். உள்ளிருந்து பொங்கிய வெங்காற்று அவரை மேலே தள்ளிவிட்டது. தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்த ஒரு படகின் முதுகிலே ஏறிக்கொண்டார். ஏறக்குறைய முப்பது பேர் அதன்மேல் இருந்தனர். அலை எழுந்தபோது படகு புரளத் தொடங்கியது. அவர் எல்லாரையும் இரு வரிசையாக நிற்கச் செய்து, அலை வரும் முறைக்கு ஏற்ப இடப்புறம் சாயவும் வலப்புறம் சாயவும் நேரே நிற்கவும் ஏவிக்கொண்டிருந்தார். மனித உடல்களே அப்படகுக்குச் சமநிலை தரும் பாரமாயின. காப்பாற்ற வந்த கார்ப்பேதியா கப்பலிலே கடைசியாக ஏறியவர் அவரே.

முதலாம் உலகப் போரிலே கடற்படையிற் பணிசெய்து இருமுறை விருது பெற்றார். 1918 யூலையிலே அவருடைய கேரி என்னும் நாசகாரிக் கப்பல் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றை இடித்து மூழ்கடித்தது. நீரிலே தத்தளித்த தம்மவரைச் சுட்டார்கள் என்று அந்நீர்மூழ்கியின் தலைவர் பின்னர்க் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டு இன்றும் அவர் பெயரை விட்டு அகலவில்லை. இடித்த வேகத்திலே கேரியின் முன்பக்கம் சிதைந்தது. முன்னோக்கிச் சென்றால் நீர் உள்ளே தள்ளும் என்று கண்டு, கப்பலைப் பின்னோக்கியே ஏறக்குறைய நூறு மைல் செலுத்தித் துறை சேர்த்தார்.

போரின் பின் கொம்பனியிலே அவருக்கு உயர்வு கிட்டவில்லை. டைற்றானிக்கிலிருந்து பிழைத்த அதிகாரிகளுள் ஒருவருக்கேனும் கொம்பனி தன் கப்பலின் தலைமையைக் கொடுத்ததில்லை. அவர் விலகிக்கொண்டார். விருந்தினர் விடுதி நடத்தினார், கோழி வளர்த்தார்.

1929இல் ஒரு பழைய கலத்தின் உடலை வாங்கினார். கடற்படைக்காக 1912இல், டைற்றானிக் மூழ்கிய அதே ஆண்டில், கட்டப்பட்ட நீராவிப் படகு அது. வேறொருவராயின் விறகுக்குத்தான் கேட்டிருப்பர். அவர் அதனை நீட்டிக் கட்டுவித்து, 60 குதிரைவலுவுள்ள இயந்திரம் பூட்டி, பாய்மரமும் நிறுத்தினார். பின்னர் அவ்வியந்திரத்தை நீக்கி 72 குதிரைவலுவுள்ள டீசல் இயந்திரம் வைத்தார். மணிக்குப் பத்துக் கடல்மைல் அதன் உச்சவேகம். 1930இல் வெள்ளோட்டம் விட்டவர் துணைவியார் சில்வியா. அவர் அவுஸ்திரேலியப் பெண். பொழுதுசாயும் வேளையிலே பண்ணை வாயிலில் வந்து நின்று உணவும் இடமும் கேட்கும் நாடோடியை அவருடைய நாட்டார் சண்டவுனர் என்பர். அப்பெயரையே படகுக்கு இட்டார். கணவரின் இளமையை நினைத்தால் மிகப் பொருத்தமான பெயர்தான்.

இலக்கியப் பக்கத்திலே இயந்திரத்தின் செய்தி எதற்கு என்று கேட்பவர் உளராகலாம். அவர்கள் சற்றுப் பொறுக்க. பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது. படகின் அடிவயிற்றிலே கண்ணுக்குத் தெரியாமற் தேங்கிநிற்கும். ஒரு பொறி போதும். டீசல் எண்ணெய் அத்துணை எளிதில் ஆவியாவதில்லை. மரக்கலத்தை உடையவன் இதனை மாத்திரம் பார்த்தாற் போதாது. பலகை இடைவெளிகளிற் கலப்பற்று இளகியதா, அடியிலே ஊறும் நீர் நேற்றைக்கு இன்று கூடியதா, சுக்கானை இழுக்கும் சங்கிலி தேய்ந்ததா என்று ஓயாது பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பெருங்கப்பலிலே இவற்றுக்கு வேறு வேறு ஆட்கள் உண்டு. சிறுகலத்திலே எல்லாம் உடையவன் தலைமேல். பத்தாண்டு காலம் லைற்றோலர் குடும்பத்தோடு அப்படகிலே ஐரோப்பியக் கரையெங்குஞ் சென்று வந்தார். 1939 யூலையிலே கடற்படையின் வேண்டுகோளின்படி, விடுமுறைக்கு வந்த முதிய தம்பதியர் போலச் சில்வியாவுடன் சென்று ஜேர்மன் கரையை அளந்து குறித்துக்கொண்டும் வந்தார். அப்படகு எவ்வளவு விரைவிலே திரும்பும், எவ்வளவு பாரத்திலே தளரும் என்பது அவர் கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்தது.

1940 மே மாதக் கடைசியில் பிரான்சின் வடகரையிலுள்ள டன்கேர்க்கிலே பிரித்தானியப் படையும் நேசப்படைகளும் ஜேர்மன் சேனையால் வளைக்கப்பட்டுக் கடலோரத்திலே நின்றன. 31ஆந் திகதி மாலை ஐந்து மணியளவிற் கடற்படைத் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. சண்டவுனரை ரம்ஸ்கேற் துறைமுகத்திலே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கடற்படையார் அதனை டன்கேர்க்குக்குச் செலுத்துவர் என்பது செய்தி. படகைத் தருவதற்கு அவர் மறுக்கவில்லை. வேறொருவர் அதனைச் செலுத்துவதற்கே மறுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. மூத்த மகன் றோஜரும், பதினெட்டு வயதுக் கடற்சாரண இளைஞர் ஒருவரும் உடன்வரத் தாமே செல்வதாகச் சொன்னார். முதுமைக் காலத்துப் பிடிவாதம் என்று இதனை எண்ணுதல் தவறு. பழகாத கையிலே அப்படகு என்னாகும் என்பதை அவர் அறிவார்.

தேம்ஸ் நதியிலே படகு நின்ற இடத்தில் மூவருமாகப் பாய்மரம் முதலாகக் கழற்றக்கூடியன யாவற்றையுங் கழற்றி இறக்கினர். பாரமும் குறைந்தது, இடமும் கூடியது. யூன் 1ஆந் திகதி காலை பத்து மணிக்கு ரம்ஸ்கேற்றை விட்டுப் புறப்பட்டனர். வழியிலே கடற்கண்ணி ஒன்றுக்கு விலகினர். அப்பால் வெஸ்ரேர்லி என்னும் மோட்டர்ப் படகு இயந்திரம் நின்று தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதிலே பெற்றோல் நிறைய இருந்தது. லைற்றோலர் அதன் பக்கத்தே படகை அணைத்து, உள்ளிருந்த ஐவரையும் ஏற்றிக்கொண்டு விரைந்து விலகினார்.

டன்கேர்க்கு அணைக்கட்டு மிக உயரமாயிருந்தது. அங்கிருந்து சிறுபடகிலே ஆட்கள் இறங்க முடியவில்லை. எனவே அங்கே நின்ற வோர்செஸ்ரர் என்னும் நாசகாரிக் கப்பலோடு படகை அணைத்து, அதன் வழியாகப் படைவீரரை ஏற்றத் தொடங்கினர். சண்டவுனர் அதுவரையில் இருபத்தொரு பேருக்கு மேல் ஏற்றியதில்லை. றோஜர் கீழ்த்தட்டிலே நின்று ஆட்களை அடுக்கினார். கீழே ஐம்பது பேர் ஆனபோதும் இடமுண்டு என்றார். எழுபத்தைந்திலே நெருக்கம் என்றார். அதன்பின் மேற்றட்டிலே ஏற்றினர். மேலே ஏறியவர் எல்லாரையும் படுக்கச் செய்தார் லைற்றோலர். நிற்பவன் பாரத்தை உயர்த்துகின்றான், படுப்பவன் தாழ்த்துகின்றான். பாரம் உயர உயரப் படகு சாய்ந்தபின் நிமிரும் ஆற்றலை இழக்கும். மேற்றட்டிலே ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஆனதும், படகு தளர்வதை அவர் உணர்ந்தார். அந்த இடத்திலே நிறுத்திவிட்டார். எல்லாருமாக 130 பேர். அவர்களைத் தவிர எத்தனையோ ஆயிரம் பேர் கரையிலே கைநீட்டி நிற்கையில் நிறுத்துதல் எளிய செயலன்று. 1912இல் ஐயத்தினால் பாதியில் நிறுத்தியவர், 1940இல் அறிவினால் ஓர் எல்லையிலே நிறுத்தினார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நினைத்துப் பல நாள் நான் வியந்திருக்கின்றேன்.

திரும்பும் வழியில் விமானங்கள் தாக்கின. இங்கே துயரமான ஒரு செய்தி சொல்லவேண்டும். அவருடைய இளைய மகன் பிறயன் விமானப்படையிலே இருந்தவர். போர் தொடங்கிய மறுநாள், 1939 செப்ரெம்பர் 4இல், ஜேர்மனியின் வில்ஹெல்ம்ஸ்காவன் துறைமுகத்தைத் தாக்கச் சென்று இறந்தார். உயிரோடிருந்த நாளிலே, விமானம் எவ்வாறு குறிபார்க்கும், எப்போது விலகினால் அது குறிதவறும் என்பனவற்றைத் தந்தைக்குச் சொல்லிவைத்திருந்தார். சண்டைவிமானத்தின் துப்பாக்கிகள் முன்னோக்கியே பொருத்தப்பட்டவை. துப்பாக்கியைத் திருப்ப வேண்டுமாயின் விமானத்தையே திருப்பவேண்டும். பாய்ந்து இறங்கத் தொடங்கியபின் அது வழிமாறுதல் அரிது. ஆதலின் தந்தையார் விரைந்து சுக்கானைத் திருப்பவில்லை. விமானம் மிக நெருங்கும் வரையிற் காத்திருந்து, கடைசிக் கணத்திலே முற்றாகத் திருப்பினார். படகும் சொன்ன சொற் கேட்டது. குண்டுகள் கடலிலே விழுந்தன. ஒருவருக்கேனும் காயமில்லை. இறந்த மகனே அன்று தம்மைக் காத்தான் என்று அவர் கருதினார். நான் இதைப் படித்த அன்று மேலே படிக்க இயலாமற் புத்தகத்தை மூடிவைத்தேன்.

விமானத்தைப் போலவே தொல்லை கொடுத்தவை தம்மவரின் கப்பல்கள். நாசகாரிகள் விரைந்து கடக்கும்போது எழும் அலை, பாரம் மிகுந்த சிறுபடகைக் கவிழ்க்கப் போதுமானது. ஒவ்வொரு முறையும் அவர் வேகத்தை முற்றாக நீக்கி, அலைக்கு முகங்கொடுத்து நின்று, அது கடந்தபின்னரே நகர்ந்தார். ஆபத்திலே விரைந்து ஓடத்தான் எவருக்குந் தோன்றும். அவர் அங்கே நின்று நின்று வந்தார்.

இரவு பத்து மணியளவில் ரம்ஸ்கேற் வந்தது. நமது லோஞ்சிலே நிகழ்வது அங்கும் நிகழ்ந்தது. கரையைக் கண்ட வீரர்கள் எழுந்து ஒருபக்கத்துக்கு நெருங்கினர். வழியெல்லாம் கவிழாத படகு துறையிலே கவிழப் பார்த்தது. றோஜர் உரத்த குரலிற் கூவி எல்லாரையும் மீண்டும் படுக்கச் செய்தபின்னரே படகு நிமிர்ந்தது. மேற்றட்டிலுள்ளோர் இறங்கியதும் படகு வெறுமையாயிற்று என்று துறையிலுள்ளோர் எண்ணினர். பின்னர்க் கீழேயிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர்.

இன்னொருமுறை போகவும் அவர் ஆயத்தமாயிருந்தார். மணிக்கு இருபது கடல்மைல் செல்லாத கலங்களை இனி அனுப்புவதில்லை என்று தடுத்துவிட்டனர். இன்னொரு மகன் திரெவரும் டன்கேர்க்கிலே நின்ற படையிற் சேர்ந்தவர். தந்தை போவதற்கு இரண்டு நாளின் முன்னரே அவர் வேறு கலத்தில் இங்கிலாந்து சேர்ந்துவிட்டார். றோஜர் பின்னர்க் கடற்படையிற் சேர்ந்து, போர் முடிவதற்கு இரண்டு மாதத்தின் முன், 1945 மார்ச்சிலே பிரான்சின் கிறான்வில் துறைமுகத்தில் இறந்தார்.

போர் முடிந்தபின் லைற்றோலர் தேம்ஸ் நதிக்கரையிலே படகு கட்டும் பட்டறை ஒன்றை நடத்தினார். நதிப் பொலிசாருக்கு வேண்டிய மோட்டர்ப் படகுகள் அங்கே ஆயின. 1952 டிசெம்பரிலே இலண்டனை நச்சுப்புகைமூட்டம் ஐந்து நாள் மூடிக்கிடந்தது. எத்தனையோ ஆயிரம் பேர் மாண்டனர். நெஞ்சுநோயாளராயிருந்த லைற்றோலர் அம்மாதம் 8ஆந் திகதி, எழுபத்தெட்டாம் வயதிலே, அந்தப் புகைமூட்டத்தினிடையே காலமானார். சண்டவுனர் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நீரில் மிதந்தது. பின்னர் ரம்ஸ்கேற்றிலே, 130 பேரும் இறங்கிய அதே துறைமுகத்தில், காட்சிப்பொருளாக வைத்துப் பேணப்பட்டது.