தொழிலாளரின் தோழர் திரு.வி.க.

இன்று தாம்பரம், போரூர், பூவிருந்தவல்லி எனப் பரந்து விரிந்திருக்கும் சென்னைப் புறநகர்ப் பகுதி, ஒரு காலத்தில் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்களின் தொகுதியாக இருந்தது. அவற்றுள் ஒன்றான துள்ளத்தில் 1883 ஆகஸ்டு 26 அன்று விருத்தாசலனார், சின்னம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார் திரு.வி. கலியாணசுந்தரனார்.

யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்ற அவர், வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். நாட்டுப்பற்று உந்த, 1917இல் அப்பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அக்காலத்து அரசியல் மேடைகளில் ஆங்கிலமே கோலோச்சியது. நாட்டின் நிலையை அறிய விரும்பிய எளிய மக்களுக்கு அங்கே இடமில்லை. திரு.வி.க.வின் எழுத்தும் பேச்சும் அத்தடையைத் தகர்த்தன. இனிய தமிழில் அரசியல் பேசிய அவரை மக்கள் ‘தமிழ்த்தென்றல்’ எனப் போற்றினர்.

பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள் நெடுநேர உழைப்பாலும் குறைந்த கூலியாலும் வாடினர். உணவு இடைவேளையும் போதுமானதாக இல்லை. அவர்களின் துயரறிந்த செல்வபதியும் இராமாநுசலுவும் 1918 மார்ச்சுத் திங்களில் கூட்டிய கூட்டத்தில் திரு.வி.க. உரையாற்றினார். சங்கமாகச் சேரும் எண்ணம் தொழிலாளரிடையே வேரூன்றியது. ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் அதற்கு வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார்.

அதே ஆண்டில் அவருடைய துணைவியார் கமலாம்பிகை மறைந்தார். பிள்ளைகளையும் முன்னரே இழந்திருந்த அவர், மறுமணத்தை நாடாமல் பொதுப்பணியையே வாழ்வாகக் கொண்டார்.

கூட்டத்தில் எழும் ஆர்வம் எளிதில் தணிந்துவிடக்கூடியது. சங்கத்தைக் காப்பதே அரிய செயல். அதற்கான கடுஞ்சோதனை 1921இல் வந்தது. ஆலைப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. தொழிலாளர் குடும்பங்கள் பசியில் வாடின. சாதிப் பிளவு ஒற்றுமையைக் குலைத்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. திரு.வி.க. அமைதியையும் ஒற்றுமையையும் வலியுறுத்தி ஊக்கம் தளராது உழைத்தார். அவரை நாடு கடத்த ஆளுநர் வெலிங்டன் எண்ணியபோது, அரசியலில் எதிரணியில் நின்ற பிட்டி தியாகராயரே குறுக்கிட்டு அதனைத் தடுத்தார். போராட்டம் தோல்வியில் முடிந்தது. தொழிலாளர்கள் மீண்டும் ஆலைக்குத் திரும்பினர். எனினும் திரு.வி.க. அவர்களை விட்டு விலகவில்லை. 1926இல் நிறைவேறிய தொழிற்சங்கச் சட்டம் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

‘நவசக்தி’ இதழின் வழியாகவும் நூல்களின் வழியாகவும் பெண்ணுரிமைக்கும் சமூக ஒற்றுமைக்கும் குரல் கொடுத்தார் திரு.வி.க. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் போராட்டத்தின் பொருட்டு அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். ஆட்சி கைமாறினாலும் தொழிலாளரின் பக்கமே நிற்பது என்னும் அவர்தம் நிலை மாறவில்லை. முதுமையில் கண்ணொளி குன்றிய போதும், தாம் சொல்லப் பிறர் எழுத, நூல்கள் இயற்றினார். 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார்.

பெரம்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதோடு அவர் பணி முடிந்திருக்கலாம். அம்மக்களின் வெற்றியிலும் தோல்வியிலும் முப்பத்தைந்து ஆண்டுகள் உடன் நின்றதனாலேயே அவர் தொழிலாளரின் தோழரானார்.