எல்லை காத்த பேரரசர் ஹேட்ரியன்

கி.பி. 117ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பேரரசர் டிராஜன் மறைந்தபோது, உரோமப் பேரரசு முன்னெப்போதும் கண்டிராத பரப்பை எய்தியிருந்தது. அடுத்து அரியணை ஏறிய ஹேட்ரியனோ, டிராஜன் அண்மையில் வென்ற மெசபொத்தேமியாவையும் அதனை அடுத்த பகுதிகளையும் விட்டுக்கொடுத்தார். நாடு பிடிப்பதே அரசர்க்குப் பெருமை எனக் கருதப்பட்ட காலத்தில், காக்க இயலாததைக் கைவிடுவதற்கும் துணிவு வேண்டும் அல்லவா?

கி.பி. 76இல் பிறந்த ஹேட்ரியனின் குடும்பம் ஸ்பெயின் நாட்டு இத்தாலிக்கா நகரைச் சேர்ந்தது. பத்து வயதில் தந்தையை இழந்த அவர், உறவினரான டிராஜனின் பாதுகாப்பில் வளர்ந்தார். இளமையிலேயே டானூபு, ரைன் ஆற்று எல்லைகளில் லீஜியன் எனப்படும் பெரும்படைகள் மூன்றில் அதிகாரியாகப் பணியாற்றினார். எனவே எல்லை வீரனின் வாழ்வை அவர் அரண்மனைச் சாளரத்தின் வழியே அறிந்தவர் அல்லர்.

அவ்வாழ்வு எளிதானதன்று. எண்மர் ஓர் அறையில் தங்குவர். தமக்குரிய கோதுமையைத் தாமே திரிகையில் அரைத்துச் சமைப்பர். பணிக்காலம் இருபத்தைந்து ஆண்டுகள். பயிற்சிக்கு வருவோன் ஆறடி உயர மரக்கம்பத்தைப் பகைவனாகக் கருதி, உண்மை வாளினும் இருமடங்கு எடையுள்ள மரவாளால் அதனைத் தாக்குவான். வெட்டுவதினும் குத்துவதே அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. வெட்ட ஓங்கும் கை விலாவைத் திறந்துவிடும் என்பது காரணம். கோடைக்கால ஐந்து மணிப் பொழுதில் இருபது உரோம மைல் நடக்கவும் வேண்டும். மாதம் மும்முறை படையை நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் விதி அகஸ்டஸ், ஹேட்ரியன் ஆகியோரின் ஆணைகளில் இருந்ததாகப் போர்க்கலை நூலாசிரியர் வெகெத்தியஸ் எழுதுகிறார்.

வட பிரிட்டனில் விண்டோலாண்டா என்னும் பாசறை இருந்த இடத்தில், 1973 முதல் மெல்லிய மர ஏடுகள் பல கிடைத்துள்ளன. நம் ஓலைச்சுவடிகளை நினைவூட்டுபவை. ஹேட்ரியனுக்கு ஒரு தலைமுறை முற்பட்ட ஏடு ஒன்று அங்கிருந்த படையின் கணக்கைத் தருகிறது. மொத்தம் 752 பேர். அவருள் 456 பேர் வெளியிடப் பணியில் இருந்தனர். எஞ்சியோருள் 31 பேர் பணிக்கு இயலாதவர்; பதின்மருக்குக் கண்நோய். இன்னொரு மடலில், குளிர்நாட்டில் வாடும் வீரனுக்குக் காலுறையும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி காணப்படுகிறது. போர்க்களத்தை மட்டுமே பாடும் வரலாறு இக்காலுறையை மறந்துவிடுகிறது.

புதிய போர்களை நாடாத மன்னருக்கு ஒரு சிக்கல் உண்டு: போரற்ற படை சோம்பிவிடும். ஆகவே ஹேட்ரியன் தம் ஆட்சியில் ஏறத்தாழப் பாதிக்காலத்தை மாநிலங்களிலேயே கழித்தார். வீரருடன் திறந்த வெளியில் உப்பிட்ட இறைச்சியும் பாலாடைக்கட்டியும் உண்டார், காடி கலந்த நீரைப் பருகினார், வெறுந்தலையுடன் நடந்தார். பாசறைகளில் அதிகாரிகள் அமைத்திருந்த விருந்து மண்டபங்களையும் பூந்தோட்டங்களையும் அகற்றச் செய்தார். நோயுற்ற வீரரை நேரிற் சென்று கண்டார். 122இல் பிரிட்டனுக்குச் சென்றார். அங்கே கடல் முதல் கடல் வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளும் சுவரை மூன்று லீஜியன்களின் வீரர்களே கட்டினர்.

128இல் ஆப்பிரிக்காவின் லாம்பேசிஸ் பாசறையில் பயிற்சியைப் பார்வையிட்டு அவர் ஆற்றிய உரை கல்லிற் பொறிக்கப்பட்டது. பிறர் பல நாளில் எழுப்பும் அரணை ஒரே நாளில் எழுப்பியோரை அதில் பாராட்டுகிறார். ஆபத்தான குதிரைச் சுழற்சியை ஏற்க மறுக்கிறார். குறைந்த ஊதியமும் எளிய குதிரைகளும் உடைய சிறு பிரிவினரை, அக்குறையை உணர்ந்தே மதிப்பிடுகிறார். ஒரு நல்லாசிரியர் விடைத்தாள் திருத்தும் முறையும் இதுவே எனத் தோன்றுகிறது.

வீரன் பணிக்காலத்தில் சட்டப்படி மணம் செய்ய இயலாது. பாசறை அருகே அவன் குடும்பம் வாழ்ந்தாலும், தந்தை இறந்தால் பிள்ளைகள் உரிமையற்று நின்றனர். 119ஆம் ஆண்டு எகிப்து ஆளுநருக்கு விடுத்த மடலில், அப்பிள்ளைகள் இரத்த உறவினர் என்னும் முறையில் தந்தையின் உடைமையைக் கோரலாம் என ஹேட்ரியன் அறிவித்தார். மணத்தடையை அவர் நீக்கவில்லை. செய்தது பாதி நீதியே. எனினும் அனாதைகளின் சொத்து பற்றி ஓர் அரசர் எண்ணிப் பார்த்தது சிறு செயலன்று.

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. அவர் பயிற்றிய படையே 132இல் யூதேயாவில் மூண்ட எழுச்சியை நசுக்கியது. அதற்கெனப் பிரிட்டன் ஆளுநர் ஜூலியஸ் செவரஸ் வரவழைக்கப்பட்டார். 985 சிற்றூர்கள் அழிந்தன என்றும் போரில் 5,80,000 பேர் மாண்டனர் என்றும் காசியஸ் டியோ எழுதியுள்ளார். எண்ணிக்கை மிகையாயினும் அழிவு பெரிது. ஜெரூசலேமை ஹேட்ரியன் உரோமக் குடியேற்றமாக்கி, தம் குடிப்பெயரால் ஏலியா எனப் பெயரிட்டார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அரபு மக்கள் பைத்துல் முகத்தஸ் நகரை ஈலியா என வழங்கியது இப்பெயரின் எச்சமே.

நீண்ட நோய்க்குப் பின் 138ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பையே நகரில் ஹேட்ரியன் காலமானார். அடுத்து வந்த அந்தோனினஸ் பயஸ், பிரிட்டன் எல்லையை வடக்கே நகர்த்தி மண்ணாலான வேறொரு சுவரை எழுப்பினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அது கைவிடப்பட, வீரர்கள் ஹேட்ரியனின் சுவருக்கே திரும்பி வந்தனர்.