புதுவைத் துறையின் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கர்

தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பேசுவோர் வீரமாமுனிவரையும் ஆறுமுக நாவலரையும் தவறாது போற்றுவர். வீரமாமுனிவர் வாழ்ந்த காலத்திலேயே, புலமையை வெளிப்படுத்தும் நோக்கம் சிறிதுமின்றி, 25 ஆண்டுகள் தமிழில் உரைநடை எழுதிக் குவித்த ஒரு வணிகரும் இருந்தார். புதுவையின் ஆனந்தரங்கப் பிள்ளையே அவர்.

அவர் 1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை. தந்தையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாசியாக இருந்தமையால் குடும்பம் அங்குக் குடியேறியது. துபாசி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வணிகத்துக்கும் அரசியலுக்கும் அவரே வாயில். அந்த வாயிலில் நிற்பதன் இடரை இளமையிலேயே ஆனந்தரங்கர் அறிந்தார். ஆளுநர் எபேரின் சினத்துக்கு ஆளான நைனியப்பர் 1716இல் சிறைப்பட்டு, 1717இல் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்பர் பிரான்சு வரை கப்பலேறிச் சென்று முறையிட்டுக் குடும்ப மானத்தை மீட்டார்.

தந்தை 1726இல் மறைந்தபின் ஆளுநர் லெனுவார் ஆனந்தரங்கரை ஆதரித்துப் பரங்கிப்பேட்டைப் பண்டசாலையின் பொறுப்பைத் தந்தார். இன்று நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடும் தோல் கடல் கடப்பதுபோல், அன்று சிற்றூர்த் தறிகளின் துணி புதுவைத் துறையில் கப்பலேறிற்று. நெசவாளருக்கு முன்பணம் தருவதும், துணியைத் தரம் பார்த்து மூட்டை கட்டுவதும், காற்றின் திசையறிந்து கப்பலுக்குக் காத்திருப்பதும் அவர் தொழிலாயின. அவருக்கே சொந்தமாக ஒரு கப்பல் இருந்தது. அதன் பெயர் ஆனந்தப்புரவி.

1736 செப்டம்பர் 6 அன்று அவர் நாட்குறிப்பைத் தொடங்கினார். வந்த கப்பல், இறங்கிய சரக்கு, முழங்கிய பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கை, திருமண ஊர்வலம், வழக்கு, வதந்தி, புயல், ஆளுநர் முகத்தின் கடுகடுப்பு யாவும் அதில் ஏறின. பாரசீகமும் தெலுங்கும் போர்த்துக்கீசும் பிரெஞ்சும் கலந்த துறைமுகத்துப் பேச்சுத் தமிழே அதன் நடை. இலக்கண நூலார் அதனைக் கொடுந்தமிழ் என்று ஒதுக்கக்கூடும்; ஆயினும் அந்நகர மக்கள் எவ்வாறு பேசினர் என்பது நம் செவிக்கு எட்டுவது அந்நடையால்தான்.

ஆளுநர் துய்ப்பிளேக்சின் காலத்தில் அவர் தலைமைத் துபாசியாக உயர்ந்தார். துய்ப்பிளேக்சின் மனைவி ழான் அம்மையார் தமிழ் அறிந்தவர், ஆனந்தரங்கரை விரும்பாதவர். 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த நாளில் வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. நகரின் பெரிய மனிதர் எனப் பெயர் பெற்றும் ஆனந்தரங்கரால் அதனைத் தடுக்க இயலவில்லை. தம் கையறுநிலையை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை, 1748இன் உடன்படிக்கைப்படி, வட அமெரிக்காவின் லூயிபூர் என்னும் துறைமுக நகருக்கு ஈடாக ஆங்கிலேயரிடம் திரும்பிற்று. உலகின் இரு கோடிகளில் இருந்த இரண்டு ஊர்கள், அவ்வூர் மக்களைக் கேளாமலே கைமாறின. அடுத்த ஆண்டே போர் நம் வாயிலுக்கு வந்தது. 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூர்க் களத்தில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். சந்தா சாகிபும் முசாபர் சங்கும் பிரெஞ்சுப் படையின் துணையோடு வென்றனர். ஆம்பூரில் சிந்திய குருதியால் புதுவைக்குச் செல்வாக்கு வந்தது. முசாபர் சங்கு ஆனந்தரங்கருக்குப் பட்டமும் மன்சபும் அளித்துச் சிறப்பித்தார்.

புலவர்களை அவர் வாரி வழங்கிப் புரந்தார். தியாகராய தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார். அந்நூல்களில் அவர் குறையற்ற தலைவர். நாட்குறிப்பில் காணும் மனிதரோ ஆசையும் அச்சமும் பொறாமையும் உடையவர்; தம் குலப்பெருமையிலும் பிறரைத் தாழ்வாக எண்ணும் அக்காலப் பார்வையிலும் ஊறியவர். அந்தக் குறைகளையும் அவர் கையெழுத்தே நமக்குக் காட்டித் தருகிறது.

துய்ப்பிளேக்சு 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டபின் ஆனந்தரங்கரின் செல்வாக்குத் தேய்ந்தது. 1756இல் பதவி போயிற்று. உடல் நலமும் குன்றியது. ஆயினும் குறிப்பு நிற்கவில்லை. 1761 சனவரியில், புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, அவர் மறைந்தார். வென்றவர்கள் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். அவர் எழுதிய ஏடுகள் மட்டும் வீட்டாரிடம் தங்கின. 1846இல் கலுவா மொம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறியது அதன் பின்னர்தான்.

கோவையையும் சம்புவையும் இன்று ஆய்வாளர் சிலரே புரட்டுகின்றனர். தினப்படிச் சேதிக் குறிப்பையோ பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னாட்டை அறிய விழைவோர் எவரும் தவிர்க்க இயலாது. பா எழுதும் நமக்கு இது சற்றுக் கசக்கும் செய்தி. ஆனால் சிந்திக்க வேண்டிய செய்தி. ஆம்பூர்ப் போரைப் பற்றி நாம் இன்று படிப்பவை பெரும்பாலும் படை நடத்தியோர் பக்கத்துச் செய்திகள். அன்று அடிவாரத்தில் ஏர் பூட்டியவரும் ஆடு மேய்த்தவரும் என்ன கண்டனர் என்று அறிய நமக்கொரு ஆனந்தரங்கர் வாய்க்கவில்லை. பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் கவிதைக்குக் குறைவில்லை. அதனோடு, உத்திர காவேரிக் கரையின் சந்தை விலையையும், தோல் தொழிற்கூடங்களில் வழங்கும் சொற்களையும், மழை பொய்த்த ஆண்டுகளையும் நாள் குறித்து எழுதிவைக்க இருவர் மூவரேனும் முன்வரல் வேண்டும்.